கேட்டு மெஷினுக்கு மாட்டிய செம்புத் தகடு

ஒரு கம்ப்யூட்டருக்குள் நுழைகிற எல்லாரையும் வாசலிலேயே மறித்து ஒரே கேள்வியைக் கேட்கலாமா, கூடாதா என்று வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் இப்போதும் என்னிடம் யோசனை கேட்பதுண்டு. நான் முதலில் ஜன்னல் பக்கம் திரும்புவேன். பதில் அப்புறம்தான் வரும். மனுசன் ஆழமாக யோசிக்கிறார் என்று நினைத்துக்கொள்வார்கள். நான் ஜன்னல் வழியாக மேகம் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பேன்.

இரண்டாயிரத்துக்குப் பிந்திய வருஷங்கள் அவை. விருதுநகரில் ஒரு பட்டாசுக் கம்பெனி ஆபீஸில் நான் கம்ப்யூட்டர் பார்த்துக்கொண்டிருந்தேன். பாதி நேரம் நான் அதைப் பார்ப்பேன், மீதி நேரம் அது என்னைப் பார்க்கும். எங்கள் வீட்டில் அப்பா காலம் வரை அடுத்தவர் பருத்திக்காட்டில் கூலி. அண்ணன் காலத்தில் எல்லாரும் பட்டாசுக்குப் போனார்கள். நான் மட்டும் ஒரு டிப்ளமோவைப் பிடித்துக்கொண்டு ஏசி ரூமுக்குள் ஏறிவிட்டேன். ஏசி எனக்கு இல்லை, மெஷினுக்கு. மெஷின் இல்லாவிட்டால் எனக்கு ஃபேன் கூடக் கிடைத்திருக்காது.

ஆபீஸ் சூலக்கரை போகிற ரோட்டில் ஒரு மாடியில். ஆலை, ஆமத்தூர் தாண்டிக் கரிசல் காட்டுக்குள். பட்டாசு ஆலை என்றதும் பெரிய கட்டடத்தை நினைக்க வேண்டாம். சின்னச் சின்ன ரூம்களாக, ஒன்றுக்கொன்று கூப்பிடு தூரத்தில் தள்ளித் தள்ளி நிற்கும். ஒரு ரூமுக்கு நாலே பேர். கையளவு மருந்து. ஒரு ரூமில் ஏதாவது ஆனால் அந்த ரூமோடு போக வேண்டும், அடுத்ததுக்குத் தாவக் கூடாது என்பதுதான் கணக்கு. அந்த நாலு பேரைப் பற்றி அந்தக் கணக்கு எதுவும் சொல்லாது.

உள்ளே போகிற வாசலில் ஒரு செம்புத் தகடு பதித்திருக்கும். வெறுங்கையால் அதைத் தொட்டுவிட்டுத்தான் நுழைய வேண்டும். உடம்பிலும் துணியிலும் ஒட்டியிருக்கிற மின்சாரம் தகடு வழியாக மண்ணுக்குள் இறங்கிவிடும். முதலாளியும் தொட வேண்டும், சோதனைக்கு வருகிற அதிகாரியும் தொட வேண்டும். என் அண்ணன் பெண்டாட்டி, மதினி, அங்கேதான் வேலை பார்த்தார். வீட்டுக்கு வந்தாலும் அடுப்படி நிலையை ஒரு தட்டுத் தட்டிவிட்டுத்தான் தீப்பெட்டியை எடுப்பார். ஏன் மதினி என்றால், "கை கேக்குது கொழுந்தனாரே" என்பார்.

மதினிக்குக் காயப்போடுகிற மேடையில் வேலை. மணி மருந்து என்று ஒன்று உண்டு. மிளகு மாதிரி, சுண்டைக்காய் மாதிரி சின்ன உருண்டைகள். வானத்துக்குப் போய்ச் சிவப்பாகவும் பச்சையாகவும் விரிவது அதுதான். தட்டுத் தட்டாகப் பரப்பி வெயிலில் காயவைப்பார்கள். அது காய்ந்துகொண்டிருக்கும்போது மழைத்துளி படக் கூடாது. ஈரம் பட்ட மருந்து அணைந்துவிடும் என்றுதான் வெளியூர்க்காரர்கள் நினைப்பார்கள். அது அணையாது. மெதுவாகச் சூடேறும். வேர்க்கும். பிறகு, யாரும் பக்கத்தில் போகாமலே, தானாகப் பற்றிக்கொள்ளும். அது ஒரு நிமிஷத்திலும் நடக்கும், ராத்திரி எல்லாரும் தூங்கும்போதும் நடக்கும்.

அந்த வட்டாரத்தில் எங்காவது தூரத்தில் 'தொம்' என்று கேட்டால் மேடையில் எல்லார் கையும் நிற்கும். தலையைத் தூக்கித் திசை பார்ப்பார்கள். தாயில்பட்டிப் பக்கம் என்றால், அங்கே சொந்தபந்தம் இருக்கிறவர்கள் மட்டும் எழுந்து நிற்பார்கள். மற்றவர்கள் மறுபடி குனிந்துகொள்வார்கள். மதினி இதைச் சொன்ன நாளிலிருந்து ஆமத்தூர்ப் பக்கம் லாரி டயர் வெடித்தாலும் நான் எழுந்து நிற்பேன்.

தீபாவளிச் சீசனில் மழை பெரும்பாலும் கிழக்கே, அருப்புக்கோட்டைப் பக்கமிருந்து வரும். எங்கள் மாடிக்கு முதலில் தெரியும். ஆலைக்குப் போய்ச் சேரக் கொஞ்ச நேரம் ஆகும். அந்தக் கொஞ்ச நேரத்தில் தட்டுகளை எடுத்து உள்ளே வைத்துவிடலாம். அதனால் நான் ஒரு ஏற்பாடு செய்தேன். ஆலைக் கேட்டில் வாட்ச்மேன் ரூமுக்குள் ஒரு கம்ப்யூட்டர். கேட்டு மெஷின் என்போம். அதிலிருந்து ஒரு வயர் சைரனுக்கு. ஆபீஸுக்கும் அதற்கும் நடுவே ஒரு டெலிபோன் லைன். ஆபீஸ் திரையில் 'மழை' என்று ஒரு பொத்தான். அதை அமுக்கினால் இங்கிருந்து கட்டளை போய் அங்கே நீளமாக ஊளையிடும். டீக்கும் சாப்பாட்டுக்கும் கடிகாரம் பார்த்து மெஷின் தானாகவே குட்டையாகக் கூவிக்கொள்ளும்.

எல்லாரும் மெச்சினார்கள். அதற்கு முன்னால் மேடையில் இருக்கிறவர்கள் அடிக்கொருதரம் வானத்தைப் பார்ப்பார்கள். சைரன் வந்த பிறகு பார்ப்பதை விட்டுவிட்டார்கள். அதில் பயப்பட வேண்டிய விஷயம் ஒன்று இருந்தது. நான் அப்போது மெச்சலில் குளிர்காய்ந்துகொண்டிருந்தேன்.

எங்கள் ஆபீஸில் ஆர்டர் பார்க்கிறவர் ஒருவர் இருந்தார். என்னை மாப்ள என்பார், நானும் அவரை மாப்ள என்பேன், சொந்தம் ஒன்றும் கிடையாது. ஒரு நாள் ஆபீஸ் மெஷினோடு மாட்டுகிற புது மணி ஒன்று வந்தது; அதற்கும் சைரனுக்கு அடிக்கிற அதே கட்டளைதான். நீளமாக அடித்துப் பார்ப்போமே என்று மெஷினில் கட்டளை அடித்தார். திரையில் இரண்டு கறுப்பு ஜன்னல்கள் திறந்திருந்தன. ஒன்று ஆபீஸ் மெஷின், இன்னொன்று கேட்டு மெஷின். இரண்டும் பார்க்க ஒரே மாதிரி. அவர் அடித்தது கேட்டு மெஷின் ஜன்னலில். ஆபீஸ் மணி அடிக்கவில்லை. மனுசன் மறுபடி அடித்தார். மூன்றாவது முறையும் அடித்தார்.

ஆலையில் வானம் நீலமாக இருந்தது. பொட்டு மேகமில்லை. சைரன் விடாமல் ஊளையிட்டது. தட்டைத் தூக்கிக்கொண்டு போகும்போது ஓடக் கூடாது என்பது சட்டம்; கீழே விழுந்து உரசினாலும் மருந்து பற்றும். ஆனாலும் பின்னால் வந்தவர்கள் நெருக்க, மதினி முழங்காலில் விழுந்தார். தட்டு மட்டும் தலைக்கு மேலே சாயாமல் நின்றதாம். அது சாய்ந்திருந்தால் என்று யாரும் வாக்கியத்தை முடிக்கவில்லை.

அன்று சாயங்காலம் முழங்காலில் மஞ்சள் பத்துப் போட்டுக்கொண்டு மதினி என்னைக் கேட்டார்: "ஏன் கொழுந்தனாரே, ஒங்க மெஷினு எந்த ஊரு மழைக்குக் கூவுது?"

மறுநாள் முதலாளி கூப்பிட்டார். அண்ணாச்சி என்றுதான் எல்லாரும் கூப்பிடுவோம். கோபம் வந்தால் சத்தம் போட மாட்டார். கேள்வியாகக் கேட்டுக்கொண்டே போவார். அது இன்னும் மோசம்.

"ஏலே, ஆலைக்குள்ள போகணும்னா மொதல்ல என்ன செய்யணும்?"

"தகட்டைத் தொடணும் அண்ணாச்சி."

"நீயி?"

"நானுந்தான்."

"நானு?"

"நீங்களுந்தான்."

"அப்ப ஒன் மெஷினுக்குள்ள மட்டும் எவன் வேணாலும் சந்தைக்குள்ள நொழையற மாதிரி நொழையலாமோ?"

இங்கே ஒரு விளக்கம் சொல்லிவிட வேண்டும். அந்தக் கறுப்பு ஜன்னலுக்கு ஷெல் என்று பெயர். நாம் அடிக்கிற கட்டளையை வாங்கி மெஷினிடம் கொடுக்கிற எடுபிடி என்று வைத்துக்கொள்ளுங்கள். யார் உள்ளே வந்தாலும், அவன் கட்டளையைக் காதில் வாங்குவதற்கு முன்னால், ஷெல் சில பைல்களைப் படிக்கும். அவனவனுக்கென்று தனியாக ஒரு பைல் உண்டு. எல்லாருக்கும் பொதுவாக, மெஷின் முழுமைக்கும் சேர்த்து ஒரு பைல் உண்டு. பொதுப் பைலில் ஒரு வரி எழுதினால் அது எல்லார் தலையிலும் விழும். முதலாளி கேட்ட தகட்டை எங்கே மாட்டுவது என்பதுதான் கேள்வி.

நான் தனிப் பைல் கட்சி. "பொதுப் பைல்ல கை வைக்க வேண்டாம் அண்ணாச்சி. கேட்டு மெஷினுக்குள்ள போறதே நானும் ஆர்டர் பாக்கிறவரும்தான். எங்க ரெண்டு பேரு பைல்லயும் எழுதிட்டாப் போதும். நாலு பேருக்கு ஒரு ரூமுன்னு எதுக்குப் பிரிச்சு வச்சிருக்கோம்? ஒண்ணுல ஆனது இன்னொண்ணுக்குப் போகக் கூடாதுன்னுதான."

அண்ணாச்சி மறுபடி கேள்விக்கு வந்தார். "ரூமு அம்பது இருக்கட்டும். கேட்டு எத்தன?"

"ஒண்ணு."

"நாளைக்கு மூணாவதா ஒருத்தன் வருவான். அவன் பைல்ல எழுத நீ மறந்துருவ. பேசாமப் போயி கேட்டுல தகட்டை மாட்டு."

நியாயமான பேச்சு. எனக்கே அது நியாயமாகப் பட்டதுதான் அதில் ஆபத்து. தோற்ற கட்சியிலிருந்து ஜெயித்த கட்சிக்குத் தாவுவதில் எனக்கு எப்போதும் கூச்சம் இருந்ததில்லை. அன்று மத்தியானமே பொதுப் பைலைத் திறந்தேன். உள்ளே யார் வந்தாலும் திரையில் ஒரு வரி வரும்: 'இது ஆலைக் கேட்டு. தகட்டைத் தொட்டாச்சா?' தொட்டேன் என்று பதில் அடித்தால் உள்ளே விடும். வேறு எதை அடித்தாலும், ஒன்றும் அடிக்காவிட்டாலும், 'போயித் தொட்டுட்டு வாலே' என்று சொல்லி வெளியே தள்ளிவிடும். அந்தக் கடைசி வரி முதலாளி கேட்காதது. என் சொந்தச் சரக்கு. எழுதிவிட்டு நானே சிரித்தேன். ஆர்டர்க்காரரை உட்காரவைத்துத் தப்பாக அடிக்கச் சொல்லி, மெஷின் அவரை வாலே போலே என்பதைக் காட்டி, இன்னொரு தரம் சிரித்தேன்.

அண்ணாச்சி அதோடு நிற்கவில்லை. கேட்டில் கையால் அமுக்குகிற சைரன் பொத்தான் ஒன்று இருந்தது. அதையும் கழற்றி அலமாரியில் வைக்கச் சொன்னார். இனிமேல் சோதனைக்காகக் கூட நீளச் சைரன் அடிக்கக் கூடாது, அடித்தால் மழைக்குத்தான் என்றார். அதுவும் நியாயம். இப்படியே நியாயங்களாகச் சேர்ந்து வாசலை அடைத்துக்கொண்டன.

பிறகு வெயில் நாட்களாகவே போயின. புரட்டாசி மாசம். தீபாவளிச் சீசன் உச்சம். லோடு லாரிகள் வாசலில் வரிசை கட்டி நிற்கும். ஆலையில் டீ சைரன் அடித்தது, சாப்பாட்டுச் சைரன் அடித்தது, வேலை முடிகிற சைரன் அடித்தது. சைரன் நன்றாக இருக்கிறதா என்று தினமும் போனில் கேட்பேன். ஆலைப் போர்மேன், "கோளாறு ஒண்ணும் இல்ல, ஊரு பூராங் கேக்குது" என்பார். நான் நிம்மதியாகத் தூங்கினேன். என் வாழ்நாளில் அப்படித் தூங்கியதை நினைத்தால் இப்போதும் மேல் சிலிர்க்கிறது.

அந்த மாசக் கடைசியில் ஒரு மத்தியானம். சாப்பிட்டுவிட்டு மாடிப்படியில் உட்கார்ந்திருந்தேன். காற்று நின்றுபோனது. கிழக்கே வானத்தின் அடியில், யாரோ அடுப்புக் கரியால் ஒரு கோடு இழுத்த மாதிரி இருந்தது. நான் ஒரு வெற்றிலையைப் போட்டு முடிப்பதற்குள் கோடு சுவராகிவிட்டது. ரோட்டில் போன ஆடுகள் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு நின்றன. வெளிச்சம் மஞ்சளாக, பழைய போட்டோவில் இருப்பது மாதிரி ஆனது.

உள்ளே வந்து, "மாப்ள, மழை" என்றேன்.

"அடிச்சாச்சு மாப்ள. இப்பத்தான்."

நல்லது என்று நாற்காலியில் சாய்ந்தேன். பாதி சாய்ந்த நிலையில் ஏதோ இடித்தது.

"கேள்வி கேட்டுச்சா?"

"என்ன கேள்வி?"

"தகட்டைத் தொட்டாச்சான்னு."

"ஒண்ணுங் கேக்கல. 'அனுப்பியாச்சு'ன்னு வந்துச்சு. எம்புட்டு வேகம் தெரியுமா, அமுக்குன ஒடனே வந்துருச்சு."

அமுக்கின உடனே. இதற்கு முன்னால் கொஞ்ச நேரமாவது எடுக்கும்.

அப்படியே நாற்காலியில் தொங்கிக்கொண்டு இருந்தேன். தலைக்குள் வரிசையாக விளக்குகள் அணைகிற மாதிரி ஒன்று ஒன்றாகப் புரிந்தது. மழைப் பொத்தானை அமுக்கினால் கேட்டு மெஷினுக்குள் ஆள் போவதில்லை, கட்டளை மட்டும் போகிறது. கட்டளை மட்டும் போனாலும் அங்கே ஒரு ஷெல் எழுந்திருக்கும். எழுந்ததும் பொதுப் பைலைப் படிக்கும். தகட்டைத் தொட்டாச்சா என்று கேட்கும். எதிரே ஆள் இல்லை. கை இல்லை. வாய் இல்லை. பதில் வராதவனை வெளியே தள்ளச் சொல்லியிருக்கிறது. தள்ளிவிட்டது. 'போயித் தொட்டுட்டு வாலே' என்று இருட்டில் யாரிடமோ சொல்லியும் இருக்கும். அது இங்கே தெரியாது. ஏனென்றால், ஆர்டர்க்காரருக்குத் திரையில் எழுத்து ஓடினால் தலை சுற்றும் என்று, வருகிறதையெல்லாம் மறைத்துக் கடைசியில் 'அனுப்பியாச்சு' மட்டும் காட்டும்படி நான்தான் வைத்திருந்தேன். டீ சைரன்களோ கேட்டு மெஷினுக்குள்ளேயே கடிகாரம் பார்த்து எழுகிறவை. அவை அந்தப் பொதுப் பைல் பக்கமே போவதில்லை. அதனால்தான் தினமும் கூவின. தினமும் எனக்குத் தாலாட்டுப் பாடின.

"மாப்ள, மூஞ்சி ஏன் இப்படிப் போகுது?" என்றார் ஆர்டர்க்காரர்.

நானே நேராகக் கேட்டு மெஷினுக்குள் போய்ப் பதில் சொல்லிவிட்டுச் சைரனை அடித்துவிடலாம். உட்கார்ந்தேன். கடவுச்சொல்லை அடிப்பதற்குள் வெளியே ஒரு மின்னல், கூடவே இடி. திரையில் ஓடிக்கொண்டிருந்த எழுத்து நின்றது. டெலிபோன் லைன் செத்துவிட்டது. ரிசீவரை எடுத்துக் காதில் வைத்தேன். கிணற்றுக்குள் காது வைத்த மாதிரி இருந்தது. போர்மேனிடம் செல்போன் உண்டு. ஆனால் ஆலைக்குள் செல்போன் கூடாது. அணைத்து, வாட்ச்மேன் ரூம் பெட்டியில் போட்டுப் பூட்டிவிடுவார்கள். அதுவும் எல்லாருக்கும் பொதுவான சட்டம். நான் அந்தப் பெட்டிக்குள் இருக்கிற செல்போனுக்கு மூன்று தரம் அடித்துப் பார்த்தேன் என்பதை இங்கே பெருமையாகச் சொல்லிக்கொள்கிறேன்.

பைக்கை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். ஒரு காலில் செருப்பு இருந்தது. இன்னொன்று படியில் கிடந்ததாகப் பிறகு சொன்னார்கள்.

பயந்தவன் வேகமாக ஓட்டுவான் என்பது பொய். பயந்தவன் மூன்றாவது கியரிலேயே ஓட்டுவான், வண்டி கத்துவதை வேகம் என்று நினைத்துக்கொள்வான். நான் அப்படித்தான் போனேன். வழியில் ஒரு ரயில்வே கேட். மூடியிருந்தது. என் ஜாதகத்தில் அன்றைக்குக் கேட் மேல் கேட். சரக்கு வண்டி. பெட்டிகளை எண்ணினால் சீக்கிரம் போகும் என்று எண்ண ஆரம்பித்து, எண்ண முடியாமல் விட்டேன். பின்னால் திரும்பிப் பார்த்தேன். விருதுநகரைக் காணோம். இருந்த இடத்தில் சாம்பல் நிறத் திரை. மண் வாசனை வந்தது. எல்லாருக்கும் பிடித்த வாசனை. எனக்கு அன்றிலிருந்து குமட்டும்.

ஆமத்தூர் தாண்டியதும் முதல் துளி முதுகில் விழுந்தது. ஐயோ வந்துவிட்டது என்று கத்தினேன். அது என் வேர்வை.

ஆலைக் கேட்டுக்கு மேலே வானம் பாதி நீலம், பாதி கறுப்பு. நடுவில் கத்தியால் வெட்டின மாதிரிக் கோடு. கம்பி வேலி வழியாகத் தூரத்து மேடைகள் தெரிந்தன. தட்டுகள் பரப்பின படியே இருந்தன. பெண்கள் குனிந்தபடியே இருந்தார்கள். போர்மேன் ஒரு மேடையோரம் இடுப்பில் கைவைத்து வானத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பார்த்துவிட்டு ஏன் எடுக்கச் சொல்லவில்லை என்று பின்னால் கேட்டேன். "சைரன் அடிக்கலையேன்னுதான். ஆபீஸ்ல மேல இருந்து பாத்துக்கிட்டு இருக்கீகளே, இன்னும் நேரமிருக்குன்னு நெனச்சேன்" என்றார். சீசன். ஒவ்வொரு தட்டும் காய்ந்தாக வேண்டும்.

வாட்ச்மேன் மறித்தார். "பாலியஸ்டர் சட்டையோட எங்கன போறீக?"

"அண்ணே, மழை."

"தெரியுது. செல்போனை எடுங்க. சட்டையக் கழட்டுங்க."

"உள்ள போகலண்ணே, ஒங்க ரூம்ல இருக்க மெஷினுக்கு."

"அத மொதல்லயே சொல்றதுக்கென்ன. செருப்பு எங்க ஒண்ணு?"

மெஷின் முன்னால் உட்கார்ந்தேன். பெயர் அடித்தேன். கடவுச்சொல் அடித்தேன். வந்தது:

'இது ஆலைக் கேட்டு. தகட்டைத் தொட்டாச்சா?'

என் விரல்கள் பத்தும் பத்துத் திசையில் இருந்தன. எதையோ அடித்தேன்.

'போயித் தொட்டுட்டு வாலே.'

வெளியே தள்ளிவிட்டது. மறுபடி பெயர். மறுபடி கடவுச்சொல். மறுபடி கேள்வி. மறுபடி கை வழுக்கியது.

'போயித் தொட்டுட்டு வாலே.'

பின்னால் நின்ற வாட்ச்மேன் அதைப் படித்துவிட்டு, "யாரோ ஒங்கள வைறாங்களே" என்றார்.

"நாந்தாண்ணே வைறேன்."

"ஒங்களயேவா?"

மூன்றாவது தரம் வலது கை மணிக்கட்டை இடது கையால் பிடித்துக்கொண்டு, ஒற்றை விரலால், ஒன்றாம் வகுப்புப் பிள்ளை மாதிரி ஒவ்வொரு எழுத்தாகக் குத்தினேன். விட்டது. கட்டளையை அடித்தேன். தலைக்கு மேலே சைரன் நீளமாக ஊளையிட ஆரம்பித்தது. நான் சந்தோஷத்தில் அழுதேன் என்று சொல்ல ஆசை. எனக்கு விக்கல் எடுத்தது.

வெளியே வந்து வேலியைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். அதைப் போல ஒன்றை நான் அதற்குப் பிறகு பார்க்கவில்லை, பார்க்கவும் வேண்டாம். சைரன் முழங்குகிறது. மேடையில் யாரும் அசையவில்லை. நிமிர்ந்து பார்த்தார்கள், அவ்வளவுதான். ஒருத்தி சிரித்தாள். போன தடவை நீல வானத்துக்குக் கூவின சைரன்தானே இது. மதினி முழங்காலைத் தடவிக்கொண்டு பக்கத்தில் இருந்தவரிடம் ஏதோ சொன்னார். பிறகு என்ன சொன்னார் என்று கேட்டேன். "நம்ம வீட்டுக் கொழுந்தனாரு வெளையாடுறாரு" என்றாராம்.

நான் கத்தினேன். சைரன் சத்தத்தில் எனக்கே கேட்கவில்லை. கைகளைத் தலைக்கு மேல் தூக்கி ஆட்டினேன். ஒரு காலில் செருப்போடு குதித்தேன். மதினி என்னைப் பார்த்துவிட்டார். விளையாடுகிறவனுக்கு இந்த முகம் வராது என்று தெரிந்திருக்க வேண்டும். முதல் தட்டைத் தூக்கினார். அதற்குப் பிறகு எல்லாக் கைகளும் தூக்கின. ஓடவில்லை. விறுவிறு நடை. தட்டுகள் ஒவ்வொன்றாக ரூமுக்குள் போய்க்கொண்டிருந்தன. சூரியன் அணைந்தது. பெரிய பெரிய துளிகள், ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் நடுவே நாம் மூச்சு விடலாம் போலப் புழுதியில் விழுந்து குழி பறித்தன. பிறகு மொத்தமாகக் கொட்டியது.

கடைசி மேடை மிச்சம். மதினியும் இன்னொருவரும் அதை நோக்கித் திரும்பினார்கள். போர்மேன் குறுக்கே போய் இரண்டு கையையும் விரித்து மறித்தார். "நனைஞ்சு போச்சு. இனி அது நம்மது இல்ல. வாங்க." எல்லாரையும், வெடி தாக்காமலிருக்க எழுப்பிய மண்மேட்டுக்குப் பின்னால், கேட்டுப் பக்கமாகக் கூட்டிவந்துவிட்டார். ஆள் எண்ணினார். மறுபடி எண்ணினார். சரியாக இருந்தது.

மழை சீக்கிரமே விட்டது. யாரும் வீட்டுக்குப் போகவில்லை. ஈரத் துணியோடு நின்று, மண்மேட்டுக்கு மேலாக அந்த மேடையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒன்றும் நடக்கவில்லை. வெயில் திரும்ப வந்தது. மேடைக்கு மேலே காற்று லேசாக நெளிந்தது, தார் ரோட்டில் மத்தியானம் நெளிகிற மாதிரி. பிறகு வெள்ளையாக ஒரு ஆவி. இட்லிக் கொப்பரை திறந்த மாதிரி. யாரோ "பேசாதீக" என்றார், யாரும் பேசிக்கொண்டிருக்கவில்லை. ஆவி மஞ்சளானது.

பிறகு சத்தமே இல்லாமல் வெள்ளை. கண்ணை மூடியும் வெள்ளை. அதற்குப் பின்னால்தான் சத்தம் வந்து நெஞ்சில் இடித்தது. சிவப்பும் பச்சையுமாகச் சில பொறிகள் மேலே போய், அவற்றுக்கு விதித்தபடி அழகாக விரிந்தன. மேடை இருந்த இடத்தில் கறுப்பாக ஒரு பள்ளம்.

ஆட்களில் யாருக்கும் ஒன்றுமில்லை. மதினி என் பக்கத்தில் வந்து நின்றார். "அங்கனதான் போயிக்கிட்டிருந்தேன்" என்றார். அப்புறம் என்னை மேலும் கீழும் பார்த்தார். "இன்னொரு செருப்பு எங்க கொழுந்தனாரே?"

மறுநாள் அண்ணாச்சியோடு ஆலைக்குப் போனேன். பருத்திச் சட்டை, வெறுங்கால். வாசல் தகட்டை அவர் தொட்டார். நான் தொட்டேன். கையை எடுக்காமல் கொஞ்ச நேரம் நின்றேன். குளிர்ந்து இருந்தது. அது என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. யார் நீ என்று கேட்கவில்லை, பதில் சொல்லாவிட்டால் போ என்று சொல்லவில்லை. கேலி செய்யவில்லை. என்மேல் இருந்ததை வாங்கி மண்ணுக்குள் விட்டுவிட்டுச் சும்மா இருந்தது. நான் மெஷினில் மாட்டியது தகடே இல்லை. இன்னொரு வாட்ச்மேன். அதுவும் நக்கல் பிடித்த வாட்ச்மேன்.

"என்னலே, தகட்டுல ஒட்டிக்கிட்டியா?" என்றார் அண்ணாச்சி.

"அண்ணாச்சி, அந்தக் கேள்வியை எடுத்துருதேன்."

"எடுத்துட்டு?"

"பொதுப் பைல் காலியா இருக்கட்டும். கேள்வி எங்க ரெண்டு பேரு பைல்லதான். அதுலயும் மொதல்ல எதுக்க ஆளு இருக்கான்னு பாத்துட்டுத்தான் கேக்கும். ஆளில்லாம வர்றத மறிக்காது."

"மூணாவது ஆளு வந்தா?"

"வந்தா அவரு பைல்லயும் எழுதுவேன். மறந்தா நீங்க என்னக் கேளுங்க."

அவர் பள்ளத்தைப் பார்த்தார். "பொத்தானை மறுபடி மாட்டச் சொல்லு" என்றார். நடக்க ஆரம்பித்துவிட்டு நின்றார். "நீளச் சைரன வாரத்துக்கு ஒருக்கா அடிச்சுப் பாரு. ஆபீஸ்ல இருந்து. எல்லாருக்கும் மொதல்லயே சொல்லிட்டு அடி."

அன்றைக்கே அடித்துப் பார்த்தோம். முன்கூட்டியே சொல்லியும், ஊளை கேட்டதும் மேடையில் எல்லாரும் நிமிர்ந்து வானத்தைப் பார்த்தார்கள். மதினி கடைசி வரை, அந்த வேலையை விடுகிற வரைக்கும், சைரனைக் கேட்டால் முதலில் வானத்தைத்தான் பார்த்தார். பிறகு கேட்டுப் பக்கம் பார்ப்பார், நான் குதிக்கிறேனா என்று.

அதற்குப் பிறகு எத்தனையோ மெஷின்களைப் பார்த்தாயிற்று. பொதுப் பைலில் எழுதலாமா என்று கேட்கிறவர்களிடம் நான் சொல்வது இதுதான்: எழுதலாம், ஆனால் அது பேசக் கூடாது, கேட்கக் கூடாது, யாரையும் நிறுத்தக் கூடாது. அவர்கள் தலையாட்டிவிட்டுப் போவார்கள். பாதிப் பேர் அன்றைக்கே ஏதாவது வரவேற்பு வாசகத்தை அதில் எழுதிவிடுவார்கள் என்று எனக்குத் தெரியும்.

இன்றும் எந்த மெஷினுக்குள் நுழைந்தாலும், கடவுச்சொல்லை அடித்து முடித்த பிறகு உள்ளே விடுவதற்கு முன்னால் ஒரு சின்ன இடைவெளி வரும். திரை கறுப்பாக இருக்கும். மூலையில் ஒரு கட்டம் மட்டும் மினுக்கும். மற்றவர்கள் அந்த நேரத்தில் டீயை ஒரு வாய் குடிப்பார்கள். நான் குனிந்து என் இரண்டு காலிலும் செருப்பு இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வேன்.